பையைக் காட்டு, நாத்தனாரே

மார்ச் 4, திங்கள்
ஓட்டல் சலவைக்கூடத்தில் இன்று முந்நூறு படுக்கை விரிப்பு. இடுப்பு போச்சு. வாய் மட்டும் போகவில்லை. ஆறு மணிக்கு வழக்கம்போல கேட்டில் நாத்தனாரை மறித்தேன்.
"ஏய் கள்ளி, இன்னிக்கு எதை அமுக்கினே? பையைக் காட்டு!"
கையிரண்டையும் தூக்கிக்கொண்டு நின்றாள். "ரெண்டு வாஷிங் மெஷின் அண்ணி. இடுப்புல சொருகியிருக்கேன்."
செக்யூரிட்டி சிரித்துச் சிரித்து இருமினார். அவளை இங்கே சேர்த்துவிட்டு எட்டு மாசம். தினமும் இதே கூத்து, எங்களுக்கு அலுக்கவே இல்லை.

மார்ச் 7, வியாழன்
சலவைக்கு வந்த சட்டைப் பையில் ஒரு மோதிரம் இருந்ததாம். காணோம். நாங்கள் ஆறு பேர் துணி பிரிக்கிறோம். செக்யூரிட்டி நாத்தனாரை மட்டும் பார்த்தார்.
"இந்தம்மாவைத்தான் சார் தினம் கள்ளின்னு கூப்பிடுவாங்க."
"ஐயோ சார், அது நான் விளையாட்டுக்கு—"
"ஒண்ணுமே இல்லாமலா வாய்ல வரும்?" என்றார் சூப்பர்வைசர்.
அவள் பையை மட்டும் மேஜையில் கொட்டினார்கள். சீப்பு, சாப்பாட்டு டப்பா, தலைவலி மாத்திரை. மோதிரம் இல்லை. இனி தினமும் போகும்போது அவள் பையைப் பார்க்கச் சொல்லிவிட்டார்.

மார்ச் 12, செவ்வாய்
துணி காயவைக்கும் மெஷின் சூடேறி நின்றுவிட்டது. அடியில் பஞ்சு சேருகிற தட்டை இழுத்தேன். தினமும் அதைச் சுத்தம் பண்ணுவது என் வேலை. ஊர்ப்பட்ட பேச்சில் பத்து நாளாகத் தொடவே இல்லை. மெத்தை கணக்கா பஞ்சு. அதற்குள்ளே மோதிரம்!
ஓடிப்போய் சூப்பர்வைசரிடம் கொடுத்தேன். "இனி அவ பையைப் பாக்க வேணாமில்ல சார்?"
அவர் யோசித்தார். "நீ தினம் சுத்தம் பண்ற தட்டுதானே? நேத்து இல்லாதது இன்னிக்கு எப்படி வந்துச்சு? பயந்துபோய்க் கொண்டாந்து போட்டிருக்கா."
பத்து நாள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? இல்லை. என்னைப் பாராட்டி வேறு அனுப்பினார்.

மார்ச் 13, புதன்
சொல்லிவிடலாம் என்று போனேன். பஞ்சு தீப்பிடிக்கும், தட்டைச் சுத்தம் பண்ணாதவருக்கு வேலை இல்லை என்று அவர் ரூம் கதவிலேயே ஒட்டியிருக்கிறது. ரெண்டு தடவை படித்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 21, வியாழன்
சோப்புக் கட்டி ஒன்று காணோம். எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. என் தலையும்தான். அப்புறம் பார்த்தால் ஜன்னலில் இருக்கிறது. வைத்தவளே நான். யாரும் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிடும்போது அவள் பக்கத்து ஸ்டூல் காலி. நான் எங்கே உட்கார்ந்தேன்? எழுத வேண்டாம்.

ஏப்ரல் 2, செவ்வாய்
வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்கிறார், "என் தங்கச்சி எடுத்திருப்பாளா?"
சேச்சே என்றேன். அவ்வளவுதான் வந்தது, எட்டு ஊருக்குக் கேட்கிற இந்த வாயிலிருந்து.
பாத்திரம் தேய்த்துக்கொண்டே அவள் சொன்னாள், "எடுத்திருந்தாலாவது ஏதாச்சும் மிஞ்சியிருக்கும், இல்ல அண்ணி?"
சிரிப்பாள் என்று பார்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

ஏப்ரல் 9, செவ்வாய்
கேட்டில் நான் இப்போதெல்லாம் முன்னாலேயே போய்விடுகிறேன். கால் வலி என்று சொல்லிவைத்திருக்கிறேன். கால் வலிக்கிறவள் வேகமாக நடப்பாளா? யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 15, திங்கள்
இன்று அவள் என் பின்னாலேயே வந்துவிட்டாள். செக்யூரிட்டி பையைத் துழாவினார். சீப்பும் டப்பாவும்தான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
"என்ன அண்ணி, இன்னிக்குக் கேக்கலியா?"
கையிரண்டையும் தூக்கினாள். யூனிஃபார்ம் சட்டை மேலே ஏறியது. இடுப்பைச் சுற்றி நீலக் கரை போட்ட ஓட்டல் துண்டு. ஒன்றல்ல, ரெண்டு மூன்று இருக்கும். பழைய கூத்து என்று நினைத்து, பையைப் பார்த்தபடியே செக்யூரிட்டி சிரித்தார்.

வீடு வரைக்கும் அவள் பையை நான்தான் தூக்கி வந்தேன். கனமே இல்லை.