அப்பு போட்ட பைப்

செவ்வாய், இரவு

அப்புக்குட்டா, நம் வீட்டில் குளோசெட் வைத்தாயிற்று. இனி அம்மை முட்டு மடக்கி உட்கார வேண்டாம். சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

நேற்று உன் கூட்டுக்காரன், பிளம்பர் வில்சன், பாறசாலையிலிருந்து வந்தான். நீ கண்ணை மூடும் முன் தரையில் பதித்த கழிவு பைப் மேல் குளோசெட்டை வைத்துப் பார்த்தான். பின்சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

"மாமி, பைப்பு தள்ளி நிக்கு. தரையைப் பொளிச்சு மாத்தணும்."

"தரையில கை வைக்காதலே. என் பிள்ள பூசுன தரையாக்கும்."

"அப்போ பின்னால எலி குடும்பம் நடத்தும்."

"செவரு நீளத்துக்கும் செங்கல் கெட்டி அடைச்சிரு. மேல டைல்ஸ் ஒட்டு."

சிரித்துக்கொண்டே, உட்காரும் உயரத்துக்குச் சற்று மேலே ஒரு திட்டாகக் கட்டினான். இன்று சாயங்காலம் சும்மா சும்மா ஃபிளஷை அழுத்திப் பார்த்தேன். தண்ணீர் நன்றாகப் போகிறது. உட்கார்ந்தபடி பக்கவாட்டில் கொஞ்சம் பின்னால் கை நீட்டினால் அந்தத் திட்டில் சோப்பும் கப்பும் எட்டுகின்றன. குனியவே வேண்டாம்.

நீ அளவு தவறித்தான் பைப் போட்டாயா மக்கா, இல்லை அம்மைக்கு இப்படி ஒரு திட்டு வேண்டும் என்று அப்போதே நினைத்துவிட்டாயா?