சந்தனம் வைத்த போன்

என் ஆசை அண்ணா,

நீ போன பிறகும் நம் சொந்தக்காரர்களுக்குப் புத்தி வரவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கருமாதிப் படையலில் உனக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தோம். சித்தப்பா உன் போனையும் இலைப் பக்கத்தில் வைத்தார். ஆயுத பூஜைக்கு டிராக்டருக்கு வைப்பதுபோல அதற்கும் மேலும் கீழும் சந்தனம், குங்குமம். பிறகு சொம்பைத் தூக்கி இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டார், வயலுக்குப் பாய்ச்சுகிற அளவுக்கு.

மறுநாள் சார்ஜ் போட்டால் ஏறவில்லை. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அம்மாவுக்கென்று நீ பேசிப் பதிந்தது அதில் மட்டும்தானே இருக்கிறது? “அனுப்ப வேணாம் பாப்பா, வூட்டுக்கு வந்து நானே போட்டுக் காட்றேன்” என்றாயே. வந்தாயா?

சித்தப்பாவைக் கேட்டால், “நானாவா ஊத்துனேன்? அது சாஸ்திரம்மா. அரிசில போட்டு வையி, உறிஞ்சிடும்” என்கிறார். பெரிய விஞ்ஞானி! போட்டேன். அம்மா அந்த அரிசிப் பானையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திண்டிவனத்துப் போன் கடையில் கைவிரித்துவிட்டார்கள். விழுப்புரம் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு மகராசன்.

“வாட்டர் டேமேஜ் மேடம். போர்டு காலி. புதுசு ஆஃபர்ல இருக்கு, பாக்கறீங்களா?”

“தொறந்து பாத்தீங்களா?”

“தொறக்கவே வேணாம் மேடம். பாத்தாலே தெரியும்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே காறித் துப்பியிருப்பேன். போனைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சார்ஜர் குத்துகிற ஓட்டைக்குள் மஞ்சளாக என்னவோ அடைத்திருந்தது. சித்தப்பாவின் சந்தனம்! காய்ந்து கல்லாகியிருந்தது. வீட்டுக்கு வந்து ஈர்க்குச்சியைச் சீவிப் பதமாகச் சுரண்டினேன். சார்ஜ் ஏறியது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை அண்ணா. இத்தனை அறிவாளிகளில் ஒருத்தனாவது அந்த ஓட்டையைப் பார்த்தானா?

அம்மாவின் காதில் வைத்தேன். “யம்மா, மல்லாட்டைக்குத் தண்ணி வுட்டியா? நான் வர்ற வரைக்கும் காய வுட்றாத” என்றாய்.

“வுட்டுட்டேன்டா. நீ வா” என்று போனிடமே பதில் சொன்னாள் அம்மா.

வருஷப் படையலில் உன் போன் இலைப் பக்கமே வராது. வேண்டுமானால் சித்தப்பா தன் போனை வைத்துக்கொள்ளட்டும், சந்தனம் நானே அரைத்துத் தருகிறேன். இன்று காலையில் மோட்டார் போட்டு நானும் அம்மாவும் நிலக்கடலைக் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சினோம். மல்லாட்டையைக் காய விடமாட்டேன் அண்ணா.

உன் கூடப்பிறந்த
பாப்பா