மாடு மிதிக்காத பாதி

அக்கா,

இன்று காலை மாட்டுப் பாதையில் உன் பாதிக்குத் தண்ணீர் தெளித்தேன். நேற்று டிப்பர் லாரியில் வந்து இறங்கிய கிராவல் மண்ணை நிரவி முடித்திருந்தோம். குடத்தைச் சரித்ததும் செம்மண் வாசனை குப்பென்று எழுந்தது. "மண்ணு வாசனைக்கா இம்மாம் செலவு பண்ற?" என்று என்னை நீ கேலி செய்த அதே வாசனை. முகர்ந்ததும் அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

மேய்ச்சல் நிலத்தைக் கம்பெனிச் சுவர் வளைத்துக்கொண்ட பிறகு நம் மாடுகளுக்கு ஏரி ஒன்றுதான் மிச்சம். ஏரிக்குப் போக இரண்டே வழி. ஒன்று ஒரகடம் போகும் பெரிய ரோடு. அங்கே கண்டெய்னர் லாரியும் ஷிப்ட் பஸ்ஸும் மாட்டுக்காக நிற்காது. இன்னொன்று உன் கொல்லைக்கும் என் கொல்லைக்கும் நடுவில் இருந்த வரப்பு. அதை அகலப்படுத்தி மாட்டுப் பாதை போடலாம் என்று முதலில் சொன்னவள் நீதான். "ரோட்ல இட்டுகினு போனா ஒருநாள் இல்ல ஒருநாள் அடிச்சிட்டுப் பூடுவான்டி" என்றாய். உன் வாயால் சொன்னாய்.

ஆளுக்குச் சரிபாதி நிலம் விட்டோம். அவரவர் பக்கத்தை அவரவர் போடுவது என்று பேச்சு. ஒரே பாதையை நீளவாக்கில் பிரித்து இரண்டு விதமாகப் போட்ட பைத்தியக்காரிகள் நம்மைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள்தான். கால்நடை ஆஸ்பத்திரியில் கொடுத்த துண்டுத்தாளை எழுத்துக்கூட்டிப் படித்து, அதன்படி செய்தேன். மேல்மண்ணை வெட்டி எடுத்துவிட்டு அடியில் ஜல்லி, அதற்கு மேல் கிராவல், எல்லாவற்றுக்கும் மேல் கல் அரைத்த கிரஷர் தூள். தண்ணீர் விட்டு இடித்து, மழைநீர் நிற்காமல் ஓரம் பார்த்துச் சரிவு. அந்தச் செலவைக் கணக்கில் சாமி செலவுக்கு அடுத்த வரியில் எழுதினேன். இரண்டுமே தெண்டம் என்றாய்.

உனக்குப் பழைய ஷெட் இடித்த காண்ட்ராக்டர் கிடைத்தார். உடைந்த காங்கிரீட், டைல்ஸ், கம்பித்துண்டு எல்லாம் கலந்த ரப்பீஸை எங்கே கொட்டுவது என்று அவர் அலைந்துகொண்டிருந்தார். உன் பாதியைக் காட்டினாய். ஓசியில் வேலை முடிந்தது.

கிருத்திகைக்குக் குன்றத்தூர் முருகன் மலைக்குச் செருப்பில்லாமல் போகிறவள் நான். உன் பாதியில் நாலு எட்டு வைத்துப் பார்த்தேன். குதிகாலைக் கீறிவிட்டது.

"அக்கா, இது மாட்டுக்கு ஆவாது. மழைல ஊறுனா குளம்பு மெத்துனு பூடும். குத்தும்."

"மாட்டுக்குக் குளம்பு கீதுடி சாமியாரம்மா. உனக்குத்தான் காலு பூவாட்டம் கீது. போய் செருப்பு வாங்கு."

மாடுகள் நம் இருவரையும் கேட்கவில்லை. முதல் நாளே உன் வெள்ளச்சி உன் பாதியில் ஒரு கால் வைத்தது, எடுத்தது, என் பாதிக்கு வந்துவிட்டது. அது முன்னால் போனால் மற்றவை வரிசையாகப் பின்னால் போகும். உன் மாடும் என் மாடும் என் பாதியிலேயே நடந்தன. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் என் பாதி நடுவில் குழிந்து சேறானது. உன் பாதி கொட்டியது கொட்டியபடியே கிடந்தது.

நீ இடுப்பில் கை வைத்து நின்று சிரித்தாய். "பாத்தியா, படிச்சிப் படிச்சிப் போட்ட வழி பல்ல இளிக்குது. என் பாதி பாரு, புதுசாட்டம் கீது."

"மாடு மிதிச்சாத்தானக்கா தேயும்?"

"அதெல்லாம் பேசாத. கண்ணுக்குத் தெரியுதுல்ல?"

எல்லோர் கண்ணுக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஷிப்ட் முடிந்து பைக்கில் அந்த வழியாக வரும் என் வீட்டுக்காரரே, "அக்கா போட்டதுதான் கெட்டி. சேத்துல மாட்டாம வண்டி வருது" என்றார். மாட்டுப் பாதைக்கு மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். நான் மறுபடி கிராவல் போட்டேன். அடுத்த மழைக்கு மறுபடி குழிந்தது.

மூன்றாம் தடவை போட வேண்டி வந்தபோதுதான் உன்னிடம் வந்தேன். "அந்தக் கல்ல மட்டும் அள்ளிடுக்கா. ரெண்டு பாதியும் நானே போட்டுடறேன்" என்றேன். இதில் என்ன தப்பு? இன்றைக்கு வரைக்கும் யோசிக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

"என் மாடு உன் மண்ண மிதிக்கிறதுதான உனக்கு எரியுது? இனிமே மிதிக்காது."

"நான் அப்டியா சொன்னேன்?"

"சொல்ல வேற வேணுமா?"

மறுநாள் வெள்ளச்சியைப் பெரிய ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனாய். என் வாசலைத் தாண்டும்போது என்னைப் பார்க்காமல் மாட்டிடம் சத்தமாகப் பேசினாய். "வாடி, நமக்கு ராஜபாட்டை கீது. அடுத்தவங்க மண்ணு நமக்கு எதுக்கு?"

உன் கோபம் தணிந்துவிடும் என்று நம்பினேன். என் மாட்டின் வயிற்றில் கன்று தலை திரும்பி மாட்டிக்கொண்ட அன்று, முழங்கை வரை கையை விட்டுத் திருப்பி எடுத்தவள் நீ. நான் "முருகா, முருகா" என்று நின்றிருந்தேன். "அவர அப்பறம் கூப்புடு, மொதல்ல எண்ணெய எடு" என்றாய். அப்படிப்பட்டவள் சில கற்களுக்காக எத்தனை நாள் முறுக்கிக்கொண்டு இருப்பாள் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு நாள் காலை நான் பால் கறந்துவிட்டு எழுந்தபோது ஏரிப் பக்கமிருந்து வெள்ளச்சி தனியாக வந்தது. என் பாதியில் வந்தது. கயிறு மண்ணில் இழுபட்டது. கயிற்றின் நுனியில் நீ இல்லை.

ரோட்டுக்கு ஓடினேன். யாரோ உன்மேல் துண்டைப் போர்த்தியிருந்தார்கள். பக்கத்து ரூமில் தங்கி வேலைக்குப் போகும் திருநெல்வேலிப் பையன் சொன்னான். "லாரிக்காரன் ஆரன் அடிச்சாம்மா. மாடு வெருண்டுட்டு. கயித்த விட்டிருந்தா தப்பிச்சிருப்பாவ. விடவே இல்ல."

நீ எதைத்தான் விட்டாய்?

காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் விதி என்றார்கள். நான் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவள்தான். ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை. "முருகன் மேல பழியப் போடாதீங்க. கிராவல் போட வேணாம்னு அவரா சொன்னாரு?" என்று கேட்டுவிட்டேன். என்னை முறைத்தார்கள். முறைத்தால் முறைக்கட்டும்.

உன் மகன் வெள்ளச்சியின் கயிற்றை என் கையில் கொடுத்தான். "நீங்களே வச்சிக்கங்க சின்னம்மா. எனக்கு ஷிப்டு, ஓவர்டைம். யாரு பாக்கறது? அந்த வழியையும் இன்னா வேணா பண்ணிக்கங்க" என்றான். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்! இந்த ஒரு வார்த்தையை நீ சொல்லியிருந்தால் போதுமே.

உன் கல்லைக் கூடை கூடையாக அள்ளினேன். பூப்போட்ட டைல்ஸ், முறுக்கிக்கொண்ட கம்பி, கண்ணாடிச் சில்லு. என் வீட்டுக்காரரும் லீவு போட்டுவிட்டு மண்வெட்டி எடுத்தார். ஓசியில் வந்ததை ஓசியில்கூட யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. என் கொல்லை மூலையில் குவித்து வைத்திருக்கிறேன். அது இனி என்னோடுதான் கிடக்கும்.

இப்போது இரண்டு பாதியிலும் ஒரே ஜல்லி, ஒரே கிராவல், ஒரே தூள். எது உன் பக்கம், எது என் பக்கம் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

இன்று சாயங்காலம் ஏரியிலிருந்து திரும்பும்போது வெள்ளச்சியை முன்னால் விட்டேன். பாதைக்கு வந்ததும் நின்றது. குனிந்து உன் பாதியை முகர்ந்தது. பிறகு விலகி என் பாதியில் ஏறி நடந்தது. மற்றவையும் அதன் பின்னாலேயே போய்விட்டன.

வெள்ளச்சியின் கயிற்றைக் கையில் சுற்றாமல் பிடித்துக்கொண்டு உன் பாதியில் நான்தான் நடந்து வந்தேன், வெறுங்காலோடு. குத்தவில்லை அக்கா.

வீட்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். என் பாதியெல்லாம் குளம்புத் தடம். உன் பாதியில் என் கால் தடத்தைத் தவிர ஒன்றுமில்லை. புதுசாட்டம் கீது.