நாணற்குடியில் விதை முளைக்காதது குறித்துத் தென்கரை அதிகாரிக்கு அரசி விடுத்த ஓலை

நுரையாறு இரு கரையும் தழுவி ஓட, மலையோரத்து வாழையும் கடலோரத்துத் தென்னையும் ஒரு குடைக்கீழ் நிழல் பெற, நறுவளநாட்டு அரியணை அமர்ந்து செங்கோல் செலுத்தும் பெருநங்கையாகிய நாம், தென்கரைக் கூற்றத்தைக் காக்கும்படி நம் கையால் முரசும் வெண்சாமரமும் பெற்ற நம் தம்பி காரிநம்பிக்கு விடுக்கும் திருமுக ஓலை. தென்கரையின் குளங்கள் நிறைக. அதன் ஆநிரைகள் நோயற்று வாழ்க. வெள்ளத்துக்குப் பின் கூரை வேய்ந்தோர் கூரைகள் நிலைக்க. உன் நலத்தையும் கேட்கிறோம், கேட்பது முறையாதலின்.

நீ விடுத்த ஓலையும், அதனோடு நீ அனுப்பிய செப்புக்குடமும் வந்து சேர்ந்தன. நாணற்குடியில் மண் கெட்டுவிட்டதென்றும், வலை பின்னும் குடியில் பிறந்த ஒருத்தியின் கண்ணேறு பட்டு ஊர்த் தோட்டங்களெல்லாம் மலடாயின என்றும், அவளை ஊர் நீக்கி நீதி செய்தாய் என்றும் எழுதியிருந்தாய். கொடுத்த விதையில் பழுதில்லை என்பதற்குச் சான்றாக, பொன்மணிபோல் மின்னும் விதைகளைக் குடம் நிறைய அனுப்பியிருந்தாய். அவற்றின் மினுக்கைக் கண்டு அவையோர் வியந்தனர். நாம் வியக்கவில்லை. தோட்டத்து விதைக்கு மினுக்கு ஏது என்றே நினைத்தோம்.

நடந்ததை நீ அறிவாய். ஆயினும் உன் ஊரார் அறியார். அவர்கள் கேட்கும்படி முதலிலிருந்து சொல்லுகிறோம்.

நுரையாறு கரை உடைத்த ஆண்டில் நாணற்குடியின் வீடுகளோடு, அடுப்புப் புகையில் கட்டித் தொங்கவிட்டிருந்த விதைமுடிச்சுகளும் போயின. நெல்லுக்கு நம் களஞ்சியம் இருந்தது. கத்தரிக்கும் வெண்டைக்கும் அவரைக்கும் பூசணிக்கும் களஞ்சியம் எந்த அரசரிடத்தில் உண்டு? ஆகவே அரண்மனைத் தோட்டத் தலைவி பூவணையை மலைநாட்டுக்கு விடுத்தோம். அவள் சந்தையில் குவித்துவைத்து விற்ற விதையைத் தொடவில்லை. தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, பறிக்காமல் கொடியிலே முற்றவிட்ட காய் எவரிடம் உண்டென்று கேட்டு, இந்த ஆண்டு எடுத்த விதைதானா என்று உசாவி, ஈரத்துணியில் முடிந்து முளைகட்டிப் பார்த்து, முளைத்ததை மட்டுமே கொண்டாள். வெங்காய விதை ஓராண்டு கடந்தால் உயிர் தாங்குவது அரிதென்று, வணிகன் ஒருவன் இலவசமாகத் தந்ததையும் திருப்பிக் கொடுத்தாள். கொண்டதை நிழலில் உலர்த்தி, சலித்த சாம்பல் கலந்து, புதுப் பானைகளிலிட்டு, வாயைக் களிமண்ணால் பூசி உன் வாயிலில் இறக்கினாள். மழைக்கு முன்னே பங்கிட வேண்டும் என்றும், பங்கிடும் நாள்வரை பானையைத் திறக்கலாகாது என்றும் உன் முகம் நோக்கியே சொன்னாள். நீ தலையசைத்தாய் என்கிறாள்.

அதன்பின் உன் பிறந்தநாள் நினைவு உனக்கு வந்தது.

விதையை முரசறைந்து, குடை பிடித்து, உன் கையாலேயே வழங்க வேண்டும் என்று விரும்பினாய். சாம்பல் படிந்த விதை அரசக் கைக்கு ஆகாது என்று பானைகளை உடைப்பித்து, விதைகளைக் கழுவுவித்தாய். கழுவியவை மங்கிப்போயின என்று எள்ளெண்ணெயும் மஞ்சளும் பூசுவித்தாய். தாமரைக் குளத்தை ஒட்டிய உன் புதிய கல்மண்டபத்தில், சுவரே வியர்க்கும் அவ்விடத்தில், செப்புக்குடங்களிலிட்டு மூடி வைத்தாய். மழை வந்தது. ஊரார் உழுது பாத்தி கட்டி, உன் வாயிலில் வந்து நின்றனர். விழாவுக்கு நாள் இருக்கிறதென்று காவலர் திருப்பி அனுப்பினர். மீண்டும் வந்தனர்; மீண்டும் திரும்பினர். வானத்துக்கும் மண்ணுக்கும் தெரிந்த பருவத்தை நிறுத்திவைக்க உன் காவலருக்கு ஆணையிட்டிருந்தாய்.

நாணற்குடியில் ஒருத்தி மட்டும் காத்திருக்கவில்லை. அவள் பெயர் வெள்ளச்சி; வலை பின்னும் மூக்கனின் மனைவி. வெள்ளம் வந்த பொழுது, உப்பென்று எண்ணி ஒரு சுரைக்குடுக்கையைக் கையிலெடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடியவள். திறந்து பார்த்தபோது உள்ளே பூசணி விதையும் அவரை விதையும் இருந்தன. அன்று உப்பில்லாக் கஞ்சி குடித்து அழுதாளாம். மழை விழுந்ததும் அவ்விதைகளை ஊன்றினாள். முளைத்தன, கொடி ஓடியது, கூரையில் ஏறிப் பூத்தது.

உன் விழா முடிந்தது. முரசு முழங்க நீ வழங்கிய விதையை ஊரார் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப்போய் ஊன்றினர். ஒன்றும் எழவில்லை. தோண்டிப் பார்த்தோர் அழுகலைக் கண்டனர். மீண்டும் கொத்தி, எரு இட்டு, மிச்சத்தை ஊன்றினர், அதுவும் அழுகியது. அரசி தம்பியின் கையால் வந்த விதையைக் குறை சொல்ல அஞ்சி, தங்கள் மண்ணைக் குறை சொன்னார்கள். மண்ணைச் சொல்லிச் சலித்தபின் வெள்ளச்சியின் கூரையைப் பார்த்தார்கள். ஊரெல்லாம் வெறுமையாய்க் கிடக்க அங்கு மட்டும் பச்சை தெரிந்தது. ஊரின் உயிரையெல்லாம் அவள் தன் கொடிக்கு இழுத்துக்கொண்டாள் என்று ஒருவன் சொன்னான். பசித்தவர் சொல் அது. அதை நாம் பொறுப்போம். அதை நீதியென்று ஏற்றுத் தீர்ப்புச் சொன்னவன் பசித்திருக்கவில்லை.

உன் ஆட்கள் கொடியை வேரோடு பிடுங்கினர். பிஞ்சுகளை மிதித்தனர். அவளை ஓடமேற்றி வடகரையில் இறக்கிவிட்டுத் திரும்பினர்.

அவள் நடந்து நம் வாயிலுக்கு வந்தாள். அரண்மனைச் சொல்லாக மாற்றாமல், அவள் பேசியபடியே எழுதுமாறு ஓலை எழுதுவோனுக்குக் கட்டளையிட்டிருக்கிறோம். நீ படிக்கும்போது மாற்றிப் படியாதே.

“நான் கண்ணு வைக்கல தாயே. மண்ணையும் ஒண்ணும் சொல்லாதீங்க, அது நல்ல மண்ணு. எங்க வீட்டுக்கு ஒரு மண்ணு, பக்கத்து வீட்டுக்கு ஒரு மண்ணா? ஒரே வெள்ளம் கொண்டாந்து போட்ட வண்டல்தான். அவங்க விதைய எடுத்துப் பாருங்க. பாத்துட்டு என்னையத்தான் குத்தம் சொல்லணும்னா சொல்லுங்க, கேட்டுக்கிறேன்.”

நாம் பார்த்தோம். பூவணை அதே மலைநாட்டுக் குவியலிலிருந்து ஒரு பானையை அரண்மனைக்கென்று நிறுத்தியிருந்தாள். அதன் வாய்ப்பூச்சு உடையாமலிருந்தது. அவையோர் முன்னிலையில் அதை உடைத்து, சாம்பலைச் சலித்து, ஒரு பிடி விதையை ஈரத்துணியில் முடிந்தோம். உன் செப்புக்குடத்து விதையில் ஒரு பிடியை மற்றொரு துணியில் முடிந்தோம். இரண்டுக்கும் நாமே நீர் தெளித்தோம். உன் ஓலை கொணர்ந்த வாயிலோன் தத்தனை அருகிலேயே இருந்து காணச் செய்தோம். விரித்துப் பார்த்த காலையில் பானை விதை துணியைத் துளைத்து வேர் விட்டிருந்தது. உன் விதை கொழகொழத்து, அவைக்களத்தில் நாறியது.

தத்தன் நம் காலில் விழுந்தான். “ஐயா சொன்னதத்தான் செஞ்சோம் தாயே. சாம்பலோட எப்படிக் கையில எடுக்கிறதுன்னாரு. கழுவினா கெடும்னு தோட்டக்காரங்க சொன்னாங்க. வாய மூடுங்கன்னுட்டாரு. ஊரு அந்தப் பொம்பளயக் குத்தம் சொன்னப்ப, அதுவே நல்லதாப் போச்சுன்னாரு” என்றான்.

காரிநம்பி, இக்கடைசிச் சொல்லைக் கேட்டபின் நாம் அவையை நீங்கி உள்ளே சென்றோம். விதையைக் கொன்றது அறியாமை என்று கொண்டு உன்னை மன்னிக்க நமக்கு மனம் இருந்தது. தாயில்லாப் பிள்ளையாய் உன்னை இடுப்பில் சுமந்தவள் நாம். உன் அறியாமை நமக்குப் பழக்கம். ஆனால் விதை செத்ததை நீ அறிந்திருந்தாய். அறிந்துகொண்டே ஒருத்தியின் தலையில் பழியை ஏற்றினாய். சான்றென்று நமக்கும் ஒரு குடம் அனுப்பினாய். நாம் முளைகட்டிப் பார்க்கமாட்டோம் என்றும், மினுக்கைப் பார்த்து மகிழ்வோம் என்றும் உன் தமக்கையை அளந்து வைத்திருந்தாய். அது எல்லாவற்றிலும் கசக்கிறது.

ஆகவே நம் ஆணை இது. முரசையும் வெண்சாமரத்தையும் இவ்வோலையோடு வரும் பூவணையிடம் ஒப்புவிப்பாய். தென்கரைக் கூற்றம் இனி அவள் காவலில் நிற்கும். அவளோடு புதுப் பானைகள் வருகின்றன. அவை வந்திறங்கிய அன்றே வீடுதோறும் பங்கிடப்படும், முரசு அறையப்படாது, உன் கை எதையும் தொடாது. கார்ப்பருவம் கழிந்துபோனது. ஆகையால் பனிக்கு முளைக்கும் அவரையும் கீரையும் மட்டுமே அனுப்பினோம். கெட்ட பருவத்தை மீட்டு அனுப்ப நம்மிடமும் வழியில்லை. காய் பறிக்கும் நாள்வரை நாணற்குடிக்கு உன் மனைக் களஞ்சியத்து நெல் சோறாகும். இனி இந்நாட்டில் எண்ணெயும் மஞ்சளும் பூசி விதை விற்பவன் சந்தைக்குள் புகான். வாங்குவோர் எவரும் ஒரு பிடியை முளைகட்டிப் பார்த்தபின் விலை பேசலாம்; அதைத் தடுக்கும் வணிகனுக்கும் அதே தண்டம்.

வெள்ளச்சியின் கொடியைப் பிடுங்கிய இடத்தில் நின்று, ஊரார் அனைவரும் கூடியிருக்க, இவ்வோலையை உன் வாயாலேயே முதலிலிருந்து முடிவுவரை படிப்பாய். மண்ணில் குற்றமில்லை என்றும், அவளிடத்தில் குற்றமில்லை என்றும் தெளிவாகச் சொல்வாய். குரல் தாழ்ந்தால் பூவணை மீண்டும் படிக்கச் சொல்வாள். படித்து முடித்தபின் தலைநகர் வருவாய். தமக்கையைக் காண அல்ல, அரசி முன் நிற்க.

ஊரார் தம் தவறுணர்ந்து அவளை அழைத்துவர எண்ணினாலும், அவள் கணவன் மூக்கன் ஓடமேற முன்வந்தாலும், வேண்டா என்று நீயே தடுப்பாய். அவள் வரமாட்டாள். வடகரையில் நாம் அளித்த நிலத்தில் குடிசை கட்டிக்கொண்டாள். ஊர் திரும்ப விருப்பமா என்று கேட்டோம். “புடுங்கினவங்க மேல கோவமில்ல தாயே, அவங்களுக்குப் பசி. எம் புருசன் பக்கத்துலதான் நின்னாரு. ஒரு வார்த்த சொல்லல. அந்த வீட்டுக்கு நான் எப்படிப் போவேன்?” என்றாள்.

இவ்வோலை அவையோர் அறிய நம் சொல்லால் எழுதப்பட்டு, நம் கண்ணால் பார்க்கப்பட்டு, வேங்கைப்பூ முத்திரையிடப்பட்டது. இதற்கு மறுமொழி வேண்டுவதில்லை. செய்க.