மிதந்த எண்ணெய்

1931 மார்கழி, செவ்வாய். ஹந்தானைத் தேயிலைத் தோட்டம், இலங்கை.

மூட்டுவலிக்குத் தடவும் விண்டர்கிரீன் எண்ணெய் இன்று தோட்டத்து மருந்தறைக்கு வந்தது. சுத்தமானதென்று கையெழுத்துப் போடச் சொன்னார் பெரிய கிளாக்கர். பத்து வருசமாக மருந்து கலக்குகிறவன் நான். ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீர்க் கிளாஸில் ஊற்றினேன். அசல் எண்ணெய் தண்ணீரைவிடக் கனம், அடியில் போய் உட்காரும். இது மேலேயே மிதந்தது. இப்படி மிதக்க வேண்டுமென்றால் முக்கால்வாசியாவது தேங்காய் எண்ணெய் கலந்திருக்க வேண்டும்!

"வாசனை மூக்கைத் துளைக்குதுல்ல? லயத்துல இருக்கிற கூலிக்காரங்களுக்கு இது போதும். அந்தக் கிளாஸைக் கொட்டுங்க," என்றார் கிளாக்கர்.

முழங்கால் வீங்கி வாசலில் உட்கார்ந்திருந்த மாரியாயி, "கொட்டாதீங்கய்யா, நாங்களும் பார்க்கிறோம்," என்றாள்.

நான் கொட்டவில்லை. கையெழுத்தும் போடவில்லை. கிளாஸை ஜன்னலில் வைத்து, மருந்தறையைப் பூட்டிவிட்டு வந்தேன். நாளைக்குத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பார்வையிட வருவார். அதுவரை மிதக்கட்டும்.