இடது குதிகால் தேயவில்லை

அன்பு மகனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்றுதான் ஒவ்வொரு முறையும் போனில் சொல்கிறாய், அதை நம்பலாமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுகிறாய், காகிதத்திடம் அது பலிக்காது. அடுத்த வாரம் நீ போய்ச் சேரும் விடுதி விலாசத்துக்கே அனுப்புகிறேன். (அண்ணா, அம்மா கையில் பசை, அதனால் பேனா என் கையில். அடைப்புக்குறிக்குள் இருப்பது என் சரக்கு, மற்றதெல்லாம் தலைமைக் கழகத்தின் அறிவிப்பு.)

அப்பா தேறிவிட்டார். ஆபரேஷன் முடிந்து நாலு மாதத்தில் மாடியேறி வந்து, நான் துணி காயப்போடுவதில் குற்றம் கண்டுபிடிக்கிறார். அவர் பிழைத்து எழுந்தால் அப்போஸ்தலரின் கல்லறை வரைக்கும் அந்தப் பழைய யாத்திரைப் பாதையில் நடந்தே போகிறேன் என்று நீ நேர்ந்துகொண்டதைத் தெருவெல்லாம் சொல்லித் திரிகிறார். அது இருக்கட்டும், விடுதி வாசலில் உன் பூட்ஸைக் கவிழ்த்துக் காயவைத்துப் படம் அனுப்பினாயே, அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இருபது வருஷமாகச் செருப்பு தைக்கிற கடை வைத்திருக்கிறேன், ஒருத்தர் முகம் மறந்தாலும் அடித்தோல் மறக்காது. உனக்குச் சின்ன வயதிலிருந்தே இரண்டு குதியும் உள்பக்கம்தான் தேயும். படத்தில் வலது பூட்ஸ் வெளிப்பக்கம் தையல்வரை தேய்ந்திருக்கிறது, இடது ஹீல் கடையிலிருந்து போனபடியே இருக்கிறது. வேறு எவனுடைய பூட்ஸையோ படமெடுத்து அனுப்பிவிட்டு நீ பஸ்ஸில் போகிறாய் என்று சந்தேகப்பட்டேன். அண்ணன் நடக்கலம்மா, நடிக்கிறான் என்றாள் இவள். (சொன்னேன், வாபஸ்.) நடந்து வந்ததற்குச் சாட்சியாக யாத்திரைச் சீட்டில் விடுதிக்கு விடுதி நீ வாங்கிய முத்திரைகளின் படத்தை வைத்து நாள் நாளாகச் சரிபார்த்தோம். ஒரு ஊரும் விடுபடவில்லை, ஆனால் முதல் வாரம் தினம் இருபத்தைந்து கிலோமீட்டர் போனவன் இப்போது பத்தைத் தாண்டுவதில்லை. பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், இடது பூட்ஸ் நுனியில் நான் போட்ட ஒட்டு. ஆக பூட்ஸும் உன்னுடையது, நடப்பதும் நீதான், இடது குதிகாலைத்தான் ஊன்றாமல் நடக்கிறாய். எத்தனை நாளாக இந்தத் திருட்டுத்தனம்?

நடுவில் நிறுத்தினால் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படுகிறாய், எனக்குத் தெரியும். அப்படிப் பழி வாங்குகிறவர் இல்லை கடவுள். பஸ்ஸில் வந்தவனை அப்போஸ்தலர் வாசலில் நிறுத்தி டிக்கெட் கேட்கவும் மாட்டார். இது கிடைத்த அன்றே டாக்டரிடம் போ. சாக்ஸ் இல்லாமல் இரண்டு காலையும் வெளிச்சத்தில் படமெடுத்துக் கடை போனுக்கு அனுப்பு, அப்பா கண்ணில் படக் கூடாது. (பழைய படத்தை அனுப்பி ஏமாற்றாதே, அந்த வித்தையெல்லாம் எனக்கு அத்துப்படி. அன்றைய முத்திரையைக் காலுக்குப் பக்கத்தில் வைத்து எடு.)

அப்பாவைத் தினம் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள், துணைக்கு ஆளில்லாமல் தெருமுனையோடு திரும்பிவிடுகிறார். பையன் முக்கால்வாசி தூரம் போயிட்டான் என்று நேற்று சொன்னேன். செருப்பைக் கழற்றி வாசலில் ஓரமாக வைத்தார். அப்புறம், "அவன் அங்க போய்ச் சேர்றதை விடு, இங்க வந்து என்கூட அந்தப் பால் பூத் வரைக்கும் நடந்தா போதும்" என்றார்.

கடவுள் உன் காலுக்கும் புத்திக்கும் துணையிருக்கட்டும். படத்தை மறக்காதே.

ஆசீர்வாதத்தோடும், படம் வரும்வரை சந்தேகத்தோடும்,
உன் அம்மா