உன் காலுக்குக் கீழே இருந்த சரிவு

மடியில் லேப்டாப் சூடாகிவிட்டது. அதைச் சுற்றி வைத்திருந்த துண்டில் பச்சை ஏலக்காய் வாசனை. மலைக்குப் போகும்போது நீ தலையில் கட்டிக்கொள்ளும் துண்டு, என்னிடமே தங்கிவிட்டது. போர்வைக்குள் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அம்மா பக்கத்து அறையில் படுத்திருக்கிறாள். விடிந்ததும் அண்ணன் லேப்டாப்பிலிருந்து உன் கோப்பை அழித்துவிடுவான். அம்மா சொல்லிவிட்டாள்.

காலாண்டு விடுமுறையில் நீ உன் அம்மாவோடு ஏலக்காய் பறிக்கப் போய்க்கொண்டிருந்தாய். ஒருநாள் நானும் போடியிலிருந்து உங்கள் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். பள்ளிக் கண்காட்சிக்கு நாம் கம்ப்யூட்டரில் ஒரு பொம்மைப் படம் செய்வதாக இருந்தது. ஏலத்தோட்டத்தில் ஒரு பெண் நடப்பாள், குனிவாள், காய் பறிப்பாள். நடிப்பது நீ. என் போனில் இருந்த செயலி, உன் தோளும் முழங்கையும் இடுப்பும் முழங்காலும் ஒவ்வொரு கணமும் எங்கே இருக்கின்றன என்று எண்களாக எழுதித் தரும். ஆனால் நீ போட்டிருந்த உன் அப்பாவின் முழுக்கைச் சட்டைக்குள் முழங்கை எங்கே என்று அதற்குப் பிடிபடவில்லை. சட்டையை இறுக்கி அங்கங்கே சிவப்பு ரிப்பன் கட்டினேன்.

"என்னையப் பொங்க மாடுன்னு நெனச்சியாடி? அப்படியே கொம்புக்கும் பெயிண்ட் அடிச்சுரு."

"ஆடாம நில்லுடி."

"நடக்கவும் சொல்ற, ஆடாம நிக்கவும் சொல்ற. ஏ கம்ப்யூட்டரு, வெரசா முடி. கங்காணி வந்தா எனக்குச் சம்பளம் போயிரும், ஒனக்குப் படம் போயிரும்."

செடிகளுக்குள்ளிருந்து உன் அம்மா குரல் கொடுத்தார். "சிரிச்சது போதும், வாங்கடி. சாக்கு காலியாக் கெடக்கு."

ஐப்பசி மழையில் அதே ஜீப் ஒரு வளைவில் கவிழ்ந்தது. உன் அம்மாவுக்குக் கை ஒடிந்தது. நீ ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கவில்லை. கண்காட்சியில் நம் மேசையை வேறு யாருக்கோ கொடுத்தார்கள்.

போன வாரம்தான் அந்த எண்களைத் திறந்தேன். மூட்டு எங்கே இருக்கிறது என்பது மட்டும் அனிமேஷன் மென்பொருளுக்குப் போதாது. எந்த எலும்பு எதோடு சேர்கிறது, எவ்வளவு திரும்புகிறது என்றும் சொல்ல வேண்டும். அப்படி மாற்றித் தர பைத்தானில் ஒரு நிரல் எழுதினேன். முதலில் நீ தலைகீழாகத் தொங்கினாய். போன் மேலிருந்து கீழே எண்ணுகிறது, மென்பொருள் கீழிருந்து மேலே எண்ணுகிறது. ஒரு கழித்தல் குறி போட்டதும் நிமிர்ந்தாய். வெறும் குச்சி உருவம், முகம் கிடையாது. ஆனாலும் இடது தோளை முன்னே விட்டு நடந்தது நீதான்.

கால்தான் சரியாக வரவில்லை. சாம்பல் நிறத் தரையில் ஒரு கால் பதிந்தால் மற்றது அந்தரத்தில் நின்றது. நிரலை வைத்து அதைக் கீழே அழுத்தினேன். முழங்கால் வெடுக்வெடுக்கென்று இழுத்தது. பழையபடி விட்டுவிட்டேன். அப்போது பார்த்து அம்மா காபியோடு வந்தாள்.

"யாருடி இது?"

பொய் சொல்ல வரவில்லை. உன் பெயரைச் சொன்னேன்.

"ஆத்தி! கன்னியாச் செத்த பிள்ளைடி அது. வருசத்துக்கு ஒருநா பாவாட வளையல் வச்சு, அவுக வீட்டுல கும்புட்டு அனுப்புவாக. நீ நெனச்ச நேரமெல்லாம் எழுப்பி நடக்க விடுறியா? கால் தரையில பாவுதான்னு பாரு!"

பாவவில்லை. அதுதான் என்னையும் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு நான் லேப்டாப்பைத் தொடவில்லை. உனக்கே பயந்தேன்.

இன்று, அழிவதற்கு முன் ஒரு தடவை என்று திறந்தேன். உருவத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் எண்களை மட்டும் பார்த்தேன். நீ போகும்போது உயர்ந்து நிற்பது வலது கால். திரும்பி வரும்போது இடது கால். பேய் இப்படி ஒழுங்காகக் கால் மாற்றுமா? நீ மலைச்சரிவில் குறுக்கே நடந்துகொண்டிருந்தாய். மேட்டுப் பக்கத்துக் கால் மேலேதான் இருக்கும். போன் உன்னை மட்டும் எடுத்தது, மலையை எடுக்கவில்லை. சமதரையைப் போட்டது நான்.

தரையைச் சரித்தேன். இரண்டு பாதமும் படிந்தன.

கோப்பு ரொம்பச் சின்னது. நகலெடுத்து எங்கேயாவது ஒளித்து வைக்கலாம். ஆனால் ஒளித்து வைத்தால் நீ அம்மா சொன்ன மாதிரியே பேயாகிவிடுவாய். அண்ணன் எழுவதற்கு முன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டப் போகிறேன். அவள் ஒத்துக்கொள்வாளா, தெரியவில்லை. அவள் அழிக்கச் சொன்னாலும் ஒன்று என்னிடம் இருக்கும்: இனி யாராவது தடுமாறி நடந்தால், அவர்கள் காலைப் பார்க்கும் முன் தரையைப் பார்ப்பேன்.

அந்த எண்களின் கடைசி வரிகளில் உன் கழுத்து சட்டென்று திரும்புகிறது. யாரோ கூப்பிட்டதுபோல் பார்க்கிறாய். அம்மா அதைக் கட்டாயம் கேட்பாள். அன்றைக்கு நான்தான் கூப்பிட்டேன், சாப்பிட வா என்று, என்பேன்.